ஸ்னோமொபைல் புது மாடல்: கூடுதல் விலைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

வட அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு விநோதமான வியாபாரம் நடக்கும். குளிர்காலம் முடியப் போகிற நேரத்தில், அடுத்த குளிர்காலத்துக்கான ஸ்னோமொபைல் மாடல்களை நிறுவனங்கள் அறிமுகம் செய்யும். வாங்க நினைப்பவர்கள் சில வாரங்களுக்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும். வண்டி கைக்கு வருவது என்னவோ அடுத்த பனிக்காலம் நெருங்கும்போதுதான். நிறம், டிராக் நீளம், எஞ்சின், திரை என்று விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். சில மாடல்கள் இந்த முன்பதிவில் மட்டுமே கிடைக்கும், கடைக்கே வராது. முன்பதிவு செய்தால் கூடுதல் ஆண்டு வாரண்டி என்ற சலுகையும் பெரும்பாலும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு பனி விழும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில், ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே ஓடும் ஒரு வண்டிக்கு, ஒரு நல்ல காரின் விலையைக் கொடுக்கச் சொல்கிறார்கள். விளம்பரம் முழுக்க "புதிது", "கூடுதல் திறன்", "பெரிய திரை". இதில் எது பணத்துக்குத் தகுந்தது, எது தேவையில்லாதது? எண்களை வைத்துப் பார்ப்போம். நம் நாட்டில் இந்த வண்டியை நம்பிப் பிழைக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. இதே கணக்கை அங்கேயும் போட்டுப் பார்ப்போம்.

முதலில், இது என்ன வண்டி?

முன்பக்கம் இரண்டு ஸ்கீ பலகைகள், பின்பக்கம் பற்கள் வைத்த அகலமான ரப்பர் பட்டை. அந்தப் பட்டையைத்தான் டிராக் என்கிறார்கள். எஞ்சின் டிராக்கைச் சுழற்றும், ஸ்கீ திசை திருப்பும். உட்கார்ந்து ஓட்டுவது பைக் மாதிரி.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே, 1959இல் ஸ்கீ-டூ வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே 1954இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோசோ என்ற ஊரில் போலாரிஸ் நிறுவனம் தொடங்கியிருந்தது. இன்றும் இந்தச் சந்தையின் இரண்டு பெரிய பெயர்கள் இவைதான்: ஸ்கீ-டூவைத் தயாரிக்கும் பிஆர்பி, மற்றது போலாரிஸ்.

1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஸ்னோமொபைல் செய்தன. 1971இல் மட்டும் வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 4.95 லட்சம் வண்டிகள் விற்றன. அண்மை ஆண்டுகளில் உலகம் முழுவதும் சேர்த்தே ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும் அளவில்தான் விற்பனை இருக்கிறது. வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். புதிய எஞ்சின், புதிய சேசிஸ் உருவாக்கும் செலவோ குறையவில்லை. அந்தச் செலவைக் குறைவான வண்டிகள் மீதுதான் ஏற்ற வேண்டும். விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால், பாதி பதில் இதில் இருக்கிறது.

விலை எந்த அளவில் இருக்கிறது?

தோராயமாக மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம்.

● தொடக்க ரகம்: 10,000 அமெரிக்க டாலரை ஒட்டிய விலை. சிறிய எஞ்சின், எளிய சஸ்பென்ஷன்.

● நடுத்தர ரகம்: 13,000 முதல் 16,000 டாலர் வரை. 600 அல்லது 850 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அல்லது ஃபோர்-ஸ்ட்ரோக்.

● உச்ச ரகம்: 17,000 முதல் 20,000 டாலர், அதற்கு மேலும். டர்போ, பெரிய தொடுதிரை, விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர்.

ஒரு டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தொடக்க ரகம் எட்டரை லட்சம், உச்ச ரகம் 17 லட்சம். இது அமெரிக்கக் கடை விலை. அதற்கு மேல் போக்குவரத்து, பதிவு, வரி எல்லாம் தனி.

கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். இரண்டுமே பனியில்தான் ஓடுகின்றன. அப்போ அந்த இரண்டாவது பத்தாயிரம் டாலர் எதுக்கு?

டர்போ: ஒரே வசதி, இரண்டு ஊர், இரண்டு மதிப்பு

புது மாடல்களில் அதிகம் பேசப்படுவது டர்போதான். பிஆர்பி 2020 மாடலாக வெளியிட்ட ஸ்கீ-டூ சம்மிட் 850 இ-டெக் டர்போ, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி வந்த முதல் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல். அடுத்து 2022 மாடலில் போலாரிஸ் தன் பேட்ரியட் பூஸ்ட் எஞ்சினைக் கொண்டுவந்தது.

டர்போ என்ன செய்கிறது? மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் குறையும். மெக்கானிக்குகள் சொல்லும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் எஞ்சின் திறனில் சுமார் 3 சதவீதம் போய்விடும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது.

இனி எண்கள். அந்த முதல் ஸ்கீ-டூ டர்போவுக்கு நிறுவனம் சொன்ன திறன் 165 குதிரைத்திறன். அது 8,000 அடி வரை குறையாது என்றார்கள். டர்போ இல்லாத 850 இ-டெக் எஞ்சினுக்கும் கடல் மட்டத்தில் அதே 165தான்.

கடல் மட்டத்தில் ஆதாயம் பூஜ்யம். 8,000 அடியில் சாதாரண எஞ்சின் 24 சதவீதம் இழந்து சுமார் 125 குதிரைத்திறனுக்கு இறங்கியிருக்கும். டர்போ வண்டியில் 165 அப்படியே இருக்கும். ஆதாயம் 40.

டர்போவுக்குக் கூடுதல் விலை 2,500 டாலர் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். போலாரிஸின் சொந்த ஊரான ரோசோ சுமார் 1,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஓட்டினால் டர்போ மீட்டுத் தருவது சுமார் 5 குதிரைத்திறன். ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் கொடுக்கிறீர்கள். மலைப்பகுதியான மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோன், 6,600 அடிக்கு மேல். அங்கே சுமார் 33 குதிரைத்திறன் மீளும்; ஒன்றுக்கு 76 டாலர். எட்டாயிரம் அடி மலையில் அது 62 டாலராக இறங்கும்.

வண்டியும் அதுதான், விலையும் அதுதான். ஊர் மாறியதும் கணக்கு எட்டு மடங்கு மாறுகிறது.

பின்னால் வந்த மாடல்களில் நிலைமை கொஞ்சம் மாறியது உண்மை. ஸ்கீ-டூவின் டர்போ ஆர் எஞ்சின் 180 குதிரைத்திறன் தருகிறது. போலாரிஸ் தன் பூஸ்ட் எஞ்சின் கடல் மட்டத்தில் 10 சதவீதமும், 10,000 அடியில் 50 சதவீதமும் கூடுதல் திறன் தரும் என்று அறிவித்தது. அதாவது, சமவெளிக்காரருக்கும் இப்போது ஏதோ கிடைக்கிறது. ஆனால் அந்த 10 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் ஒரே விலைதான் வாங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கு. டர்போவுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். அதோடு, கூடுதல் திறன் உங்களைக் கூடுதல் சரிவான மலைக்குக் கொண்டுபோகும். பனிச்சரிவு நடக்கும் இடங்களும் அவைதான். டர்போவுக்குப் பணம் ஒதுக்கும் ஒருவர், புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸீவர், துழாவும் கம்பி, மண்வெட்டி, இவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி ஆகியவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கியாக வேண்டும். விலைப் பட்டியலில் இது வராது.

டிராக்: நீளம் கூடினால் நல்லதா?

சாலை போலச் செப்பனிட்ட பனிப்பாதையில் ஓட்டும் வண்டிகளுக்கு டிராக் நீளம் பொதுவாக 129 முதல் 137 அங்குலம். மலையில் இளகிய ஆழமான பனியில் ஓட்டுபவைக்கு 154 முதல் 165 அங்குலம், அதற்கு மேலும். பாதை வண்டியில் ரப்பர் பற்களின் உயரம் ஒன்றேகால் அங்குலம் அளவில் தொடங்கும். மலை வண்டியில் இரண்டரை முதல் மூன்று அங்குலம்.

நீளமான டிராக் எடையைப் பரப்பி, வண்டியைப் பனியில் அமிழாமல் மிதக்க வைக்கும். அதே டிராக் கெட்டிப் பாதையில் எதிராக வேலை செய்யும். வண்டி சட்டென்று திரும்பாது, உயரமான பற்கள் கெட்டிப் பனியில் தேயும், திறனில் ஒரு பகுதி டிராக்கைச் சுழற்றவே போகும்.

இங்கே கூடுதல் விலை கொடுப்பவருக்கு, தன் இடத்துக்குக் குறைவாகப் பொருந்தும் வண்டி கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. "பெரிதாக இருப்பது மேல்" என்ற எண்ணத்தை இந்த இடத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

திரை: வசதியா, அலங்காரமா?

போலாரிஸின் 7 அங்குலத் திரை, ஸ்கீ-டூவின் 10.25 அங்குலத் தொடுதிரை ஆகியவை இன்றைய உச்ச ரகங்களின் முகம். பனிப்பாதை வரைபடம், ஜிபிஎஸ், கூட வருபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் வசதி எல்லாம் உண்டு.

குழுவாக, தெரியாத காட்டுப் பகுதியில், நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்கு இது உண்மையிலேயே பயன்படும். பனி மூட்டத்தில் கூட வந்தவர் காணாமல் போனால் திரையின் மதிப்பு தெரியும். ஒரே பண்ணையைச் சுற்றி, ஒரே ஏரியைக் கடந்து மீன் பிடிக்கப் போகிறவருக்கு வேகமும் எரிபொருள் அளவும் காட்டும் சாதாரண மீட்டரே போதும். அவர் எப்போதாவது வரைபடம் பார்க்க, சட்டைப்பைக்குள் கதகதப்பாக இருக்கும் கைபேசி இருக்கவே இருக்கிறது.

விளம்பரத்தில் வராத ஒரு விஷயம்: எஞ்சினைக் குளிர்விப்பது பனிதான்

இது பலருக்கும் தெரியாது. காரில் முன்பக்கம் ரேடியேட்டர் இருக்கும், காற்று பட்டு அது குளிரும். பெரும்பாலான நவீன ஸ்னோமொபைல்களில் அந்த வேலையைப் பனி செய்கிறது. டிராக் சுழலும்போது தெறிக்கும் பனி, வண்டியின் அடிப்பகுதியில் இருக்கும் உலோகப் பட்டைகளில் விழுந்து உருகும். அந்தப் பட்டைகளுக்குள் ஓடும் கூலன்ட் அப்படித்தான் சூடு தணிகிறது. டிராக் வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு மசகும் பனிதான்.

தெறிக்கப் பனி இல்லாவிட்டால்? கெட்டிப் பனிக்கட்டி மீதோ, மண் தெரியும் பாதையிலோ ஓட்டினால் எஞ்சின் சூடாகும், பிளாஸ்டிக் பட்டைகள் உருகித் தேயும். இதைச் சமாளிக்க ஸ்கிராச்சர் என்ற சிறிய கம்பிகளைப் பொருத்துவார்கள். அவை பனிக்கட்டியைச் சுரண்டி மேலே தெறிக்க வைக்கும். விலை நூறு டாலர் அளவில்தான்.

போலாரிஸின் 550 எஞ்சின் போல, ஃபேன் காற்றில் குளிரும் பழைய பாணி எஞ்சின்களும் விற்பனையில் இருக்கின்றன. திறன் குறைவு, சத்தம் அதிகம், பார்க்கக் கவர்ச்சி இல்லை. ஆனால் எஞ்சின் குளிர்வதற்குத் தெறிக்கும் பனியை நம்பி இருக்காது. பனி குறையும் காலத்தில், பட்டியலின் அடியில் இருக்கும் வண்டிக்கு, உச்சியில் இருக்கும் வண்டிக்கு இல்லாத ஒரு தகுதி வந்துவிடுகிறது.

அப்போ விலையை எதால் வகுக்க வேண்டும்?

கார் வாங்கினால் கிலோமீட்டரால் வகுப்போம். ஸ்னோமொபைலை நாட்களால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம் போடுவோம்.

16,000 டாலருக்கு ஒரு வண்டி வாங்குகிறீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பாதி விலைக்கு விற்கிறீர்கள். போனது 8,000 டாலர், ஆண்டுக்கு 1,600. காப்பீடு, பராமரிப்பு, பாதைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 800 என்று வைப்போம். மொத்தம் 2,400 டாலர்.

● ஆண்டுக்கு 30 நாள் ஓட்டினால்: ஒரு நாளுக்கு 80 டாலர்.

● 12 நாள் ஓட்டினால்: 200 டாலர்.

● 6 நாள் மட்டும் கிடைத்தால்: 400 டாலர்.

இது எரிபொருள் சேர்க்காத கணக்கு. எந்த புது வசதியை எடுத்தாலும், எதை விட்டாலும் இந்த எண் சில பத்து டாலர்தான் மாறும். 2,500 டாலர் டர்போவும் பாதி விலைக்குப் போகும் என்று வைத்தால், அதன் செலவு ஆண்டுக்கு 250தான். பனி நாட்கள் குறைந்தால்தான் எண் மடங்கு மடங்காக எகிறும். ஆக, வாங்குபவர் எடுக்கும் உண்மையான ரிஸ்க் எஞ்சினில் இல்லை, வானத்தில் இருக்கிறது.

அந்த ரிஸ்க் கற்பனை அல்ல. 2023-24 குளிர்காலம், அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் பதிவானதிலேயே மிக வெப்பமான குளிர்காலம். ஸ்னோமொபைலின் தாய்வீடான மினசோட்டாவிலும் அப்படித்தான். அந்த மாநிலத்தின் புகழ்பெற்ற ஜான் பியர்கிரீஸ் நாய்வண்டிப் பந்தயம், பனி இல்லாததால் 2024இல் ரத்தானது. முந்தைய வசந்தத்தில் முன்பணம் கட்டியவர்கள் பலரின் புது வண்டிகள் கொட்டகையிலேயே நின்றன.

டீலர்களிடம் விற்காத வண்டிகள் தேங்கின. நிறுவனங்கள் உற்பத்தியையும் விநியோகத்தையும் குறைத்தன. தேங்கிய வண்டிகளுக்குத் தள்ளுபடி வந்தது. இதில் வாங்குபவருக்கு ஒரு பாடம் இருக்கிறது: புது மாடலின் உண்மையான போட்டி இன்னொரு நிறுவனத்தின் புது மாடல் இல்லை, டீலரிடம் நிற்கும், பெட்டி பிரிக்காத சென்ற ஆண்டு மாடல். பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையே மாறுவது நிறமும் ஸ்டிக்கரும் ஓரிரு வசதிகளும்தான். சேசிஸும் எஞ்சினும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறும்.

முதல் ஆண்டு மாடலை வாங்கலாமா?

முற்றிலும் புதிய எஞ்சினோ சேசிஸோ வரும் ஆண்டில் ஒரு கேள்வி எழும்: முதலிலேயே வாங்குவதா, ஓராண்டு பொறுப்பதா?

2022-23 குளிர்காலத்தில் நடந்தது இதற்கு ஒரு பதில். போலாரிஸ் தன் புதிய மேட்ரிக்ஸ் சேசிஸ் வண்டிகளை ஓட்டுவதை உடனே நிறுத்தும்படி வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. எரிபொருள் தொட்டிப் பகுதியில் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பது தெரியவந்ததே காரணம். பிறகு பழைய வண்டிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பழுதைச் சரிசெய்ய நிறுவனம் பணம் கேட்காது. ஆனால் பனிக்காலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டால், போன நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது. மேலே போட்ட கணக்கில் 30 நாள் 12 நாளாக மாற, பனிப் பஞ்சம்தான் வர வேண்டும் என்றில்லை.

இதோடு சேர்ந்தது, நிறுவனம் நிலைக்குமா என்ற கேள்வி. 1968இல் ஸ்னோமொபைல் தொழிலுக்கு வந்த யமஹா, 2025 மாடலோடு வட அமெரிக்காவில் நிறுத்திக்கொள்வதாக 2023இல் அறிவித்தது. யமஹாவின் அண்மைக் கால ஸ்னோமொபைல்களைத் தயாரித்துக் கொடுத்து வந்த ஆர்க்டிக் கேட் நிறுவனத்தை, 2017இல் டெக்ஸ்ட்ரான் குழுமம் வாங்கியிருந்தது. 2024 இறுதியில் அதன் உற்பத்தியை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. 2025இல் நிறுவனம் புதிய உரிமையாளர்களிடம் கைமாறிப் பிழைத்தது. அந்தச் சில மாதங்களில், உதிரிபாகம் கிடைக்குமா, வாரண்டி செல்லுமா, விற்றால் என்ன விலை போகும் என்ற கேள்விகளோடு அதன் வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

நம் கணக்கில் "பாதி விலைக்கு விற்கலாம்" என்று எளிதாக எழுதிவிட்டோம். அந்தப் பாதியைத் தீர்மானிப்பது எஞ்சின் மட்டுமல்ல. ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பெயரில் ஒரு டீலர் கடை திறந்திருக்குமா என்பதும்தான்.

மின்சார ஸ்னோமொபைல் மாற்றாகுமா?

பிஆர்பி 2023இல் அறிமுகம் செய்த மின்சார ஸ்கீ-டூ வண்டிகள் ஒரு சார்ஜில் 50 கி.மீ. வரை போகும் என்று அறிவிக்கப்பட்டது. முதலில் சுற்றுலா நடத்துபவர்களைக் குறிவைத்தே அவை வந்தன. காரணம் புரிகிறது: குறுகிய சுற்று, தெரிந்த பாதை, திரும்பி வரும் இடத்தில் சார்ஜர். காட்டுக்குள் 150 கி.மீ. போகிறவருக்கு இது உதவாது.

மின்சார வண்டிகளை மட்டுமே நம்பி வந்த கனடாவின் டைகா நிறுவனம், 2024 ஜூலையில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது, பிறகு கைமாறியது. புகையும் சத்தமும் இல்லாத வண்டிக்குத் தேவை இருக்கிறது. ஆனால் இன்றைய நிலையில் அதை வாங்குபவர், வண்டியோடு சேர்த்து ஒரு நிறுவனத்தின் எதிர்காலத்தின் மீதும் பந்தயம் கட்டுகிறார்.

சரி, குல்மர்குக்கு வருவோம்

இதுவரை பார்த்தவருக்கு இந்த வண்டி பொழுதுபோக்கு. காஷ்மீரின் குல்மர்கில் அது வருமானம். சுமார் 2,650 மீட்டர் உயரம், அதாவது 8,700 அடி. குளிர்காலத்தில் நாடு முழுவதிலிருந்தும் வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனிச்சரிவுகளில் ஒரு சுற்று போய்வருவதுதான் அங்கே ஸ்னோமொபைலின் வேலை. நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ அதில் ஏறியிருக்கக்கூடும்.

உயரத்தை மட்டும் பார்த்தால் டர்போவுக்கு ஏற்ற ஊர் இது. டர்போ இல்லாத எஞ்சின் இங்கே தன் திறனில் கால்வாசியை இழந்துவிடும். ஆனால் வேலையைப் பாருங்கள். பின்னால் பயணியை உட்கார வைத்து, மெதுவாகச் சில கிலோமீட்டர். அதற்கு 165 குதிரைத்திறன் எதுக்கு? கால்வாசி போன பிறகும் சாதாரண எஞ்சினில் மிச்சம் இருப்பதே இந்த வேலைக்குத் தாராளம்.

விலையும் இங்கே வேறு. ஓடுபவை இறக்குமதி வண்டிகள். சுங்கப் பட்டியலில் ஸ்னோமொபைல், கோல்ஃப் மைதானத்தில் ஓடும் சிறு வண்டிகளோடு 8703.10 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகிறது. காஷ்மீரில் ஒருவரின் பிழைப்புக்கான வண்டியும், மைதானத்தில் பொழுதுபோக்குக்கு ஓடும் வண்டியும் அந்தப் பட்டியலுக்கு ஒரே இனம். சுங்கம், ஜிஎஸ்டி, கப்பல், மலைக்கு ஏற்றும் செலவு எல்லாம் சேரும்போது, டாலர் விலையை 85ஆல் பெருக்கி வரும் எண் வெறும் தொடக்கம்தான்.

ஓர் உதாரணம். எல்லாம் சேர்த்து 20 லட்ச ரூபாய்க்கு ஒருவர் வண்டி வாங்கி, ஐந்து ஆண்டில் அந்த முதலை மீட்க நினைக்கிறார் என்று வைப்போம். ஆண்டுக்கு 4 லட்சம். பனி 90 நாள் நின்றால், ஒரு நாளுக்கு சுமார் 4,450 ரூபாய் முதலுக்கே எடுத்து வைக்க வேண்டும். 45 நாள்தான் என்றால் சுமார் 8,900 ரூபாய். கடன் வட்டி, பெட்ரோல், ஓட்டுநர் கூலி, பெல்ட், பழுது எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

புது மாடல் வசதிகளுக்காக அவர் இன்னும் 3 லட்சம் கொடுத்தால், நாளொன்றுக்குக் கூடுவது 90 நாள் பருவத்தில் 670 ரூபாய். 45 நாள் பருவத்தில் 1,330 ரூபாய். இதை யாரிடம் வசூலிப்பது? பயணி வண்டியில் டர்போ இருக்கா, திரை எத்தனை அங்குலம் என்று கேட்டு ஏறுவதில்லை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார். பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்குத் தன் மகிழ்ச்சியாகத் திரும்பி வரும் வசதி, வாடகைக்கு ஓட்டுபவருக்குத் திரும்பி வராத செலவு.

45 நாள் என்பது மிகைப்படுத்தல் என்று தோன்றினால், 2024 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். காஷ்மீரிகள் சில்லை கலான் என்று அழைக்கும் 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21இல் தொடங்கும். பனி கொட்ட வேண்டிய அந்த நாட்களில் குல்மர்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. அடுத்த ஆண்டும் சிக்கல். 2025 பிப்ரவரி 22இல் குல்மர்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாததால் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன. விளையாட்டைத் தள்ளி வைக்கலாம். கடன் தவணையை?

குல்மர்கில் வண்டி வாங்க நினைப்பவருக்கு இந்த எண்கள் காட்டும் திசை தெளிவு. குறைந்த பனியிலும் சூடேறாத எஞ்சின், உள்ளூர் மெக்கானிக்குக் கை பழகிய மாடல், ஸ்ரீநகரிலோ டெல்லியிலோ உதிரிபாகம் கிடைக்கும் நிறுவனம். இந்த மூன்றும் இருந்தால் சில ஆண்டு பழைய மாடலும் போதும். உயரத்துக்கு ஏற்ப எரிபொருள் கலவையைத் தானே சரிசெய்யும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், எலெக்ட்ரிக் ஸ்டார்ட், ரிவர்ஸ் வசதி ஆகிய மூன்றுக்கும் கூடுதல் விலை கொடுக்கலாம். அவை தினமும் பல முறை பயன்படும். குறுகிய சுற்று என்பதால் மின்சார வண்டியும் ஒருநாள் இங்கே பொருந்தலாம். சார்ஜ் வசதியும் பழுது பார்க்க ஆளும் வந்த பிறகு.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. நான் ஓட்டும் இடம் எத்தனை அடி உயரம்? 5,000 அடிக்குக் கீழே என்றால் டர்போவுக்கான பணத்தை மறுபடி யோசியுங்கள்.

2. கடந்த ஐந்து குளிர்காலங்களில், என் ஊரில் ஓட்டும் அளவுக்குப் பனி இருந்த நாட்கள் எத்தனை? மிக நல்ல ஆண்டை விட்டுவிட்டு, மிக மோசமான ஆண்டை வைத்து வகுத்துப் பாருங்கள்.

3. புது மாடலில் இந்த ஆண்டு உண்மையில் மாறியது என்ன? எஞ்சினா, சேசிஸா, ஸ்டிக்கரா? ஸ்டிக்கர் என்றால் சென்ற ஆண்டு மாடலின் தள்ளுபடி விலையைக் கேளுங்கள்.

4. முற்றிலும் புதிய எஞ்சின் அல்லது சேசிஸ் என்றால், எத்தனை ஆண்டு வாரண்டி? பருவத்தின் நடுவில் வண்டி நின்றால் டீலர் மாற்று வண்டி தருவாரா?

5. இந்தக் கூடுதல் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள்? நானேவா, என் வண்டியில் ஏறும் வாடிக்கையாளரா? வாடிக்கையாளர் என்றால், அந்த வசதிக்காக அவர் ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கொடுப்பாரா?

இந்த ஐந்தில் முதல் நான்குக்கு ரோசோவில் இருப்பவரும் குல்மர்கில் இருப்பவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி யோசிக்கலாம். ஐந்தாவது கேள்வியில் இருவரும் பிரிகிறார்கள். முன்னவர் தவறான வண்டி வாங்கினால் ஒரு குளிர்காலம் கசக்கும். பின்னவருக்கு அது ஐந்து குளிர்காலத்துக் கடன்.